டாம்பரில் கட்டியிருந்த கம்பி

1

அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போன இடத்தில் கிடைத்த கதை இது. கேட்டு வாங்கியதல்ல, அவளும் அத்தானும் என் எதிரிலேயே சண்டை போட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மருத்துவமனைச் சுவர்களுக்குள் காற்று ஒரு…’

சே, வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள். அவளும் அத்தானும் ஒரே மருத்துவமனையில் டாம்பர் மெக்கானிக்குகள்.

(டாம்பர் என்பது காற்றுக் குழாய்க்குள் இருக்கும் இரும்புத் தகடு. தீப்பிடித்தால் தானே மூடிப் புகையைத் தடுக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

2

குழந்தைகள் வார்டுக்குப் போகும் குழாயை அக்கா இன்று சோதித்தாள். மின்சாரத்தை நிறுத்தினால் தகடு ‘டப்’பென்று விழ வேண்டும். விழவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், தகட்டைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. முறுக்கைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. வீட்டுத் துணிக்கொடியிலும் அதே முறுக்குதான்.

“தகடு சும்மா சும்மா விழுந்துடுது. புள்ளைங்க காத்தில்லாம தவிக்குதுங்க. புது மோட்டார் வர்ற வரைக்கும்னு கட்டினேன்,” என்றார் அத்தான்.

“புகை வந்தா அதுங்க என்னங்க பண்ணும்?”

கம்பியை அவள் அப்போதே வெட்டி, சோதனைப் பதிவேட்டிலும் எழுதிவிட்டாள். யார் கட்டியது என்று நாளைக் காலை பொறியாளர் கேட்பார். சொன்னால் அத்தானுக்கு வேலை போய்விடும்.

3

முடிவு ஒன்று: அங்கே தீப்பிடிக்கிறது, அக்கா கம்பியை வெட்டியிருந்ததால் குழந்தைகள்…

சாப்பிடும்போதே இதைச் சொன்னேன். அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“தீய மட்டும் வெக்காத.”

“நெருப்புன்னா வாய் வெந்துடுமாக்கா?”

“உனக்கு வேகாது. நான் செஞ்சது சரின்னு காட்ட உனக்கு அந்தப் புள்ளைங்கதான் கெடச்சுதா?”

எனக்குச் சுருக்கென்றது.

முடிவு இரண்டு: அத்தான் தானாகவே போய் ஒப்புக்கொள்கிறார், பொறியாளர் மனமிரங்கி… (யாரை ஏமாற்றுகிறேன்?)

4

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கு நான் வாயத் தெறக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வேற எங்கயாவது கட்டியிருக்கீங்களா?”

“இல்ல, இது ஒண்ணுதான்,” என்றார் அத்தான்.

மன்னியுங்கள். இந்த வரியை அவர் சொல்லவில்லை. அந்த அமைதி தாங்காமல் நான் எழுதியது. அவர் ஒன்றும் சொல்லாமல் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

வரியை அடிப்பதா, விடுவதா? உங்கள் பிள்ளை அந்த மருத்துவமனையில் படுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள்.