ஜெட்டில் சிக்கிய நூல்

1957 ஆவணி முதல், சவரிராயன் இருமும்போதெல்லாம் அவன் தொண்டையிலிருந்து ஒரு முழம் சிவப்பு நூல் வந்தது. பாலக்கரையில் லாரி மெக்கானிக் அவன். ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், நல்ல பருத்தி என்று சொல்லி இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்.

காரணம் சவரிராயனுக்குத் தெரியும். லால்குடியிலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் ஹனீஃபா பாயின் பழைய பட்டாளத்து லாரி ஒரு காலையில் கிளம்பவில்லை. ஹேண்டில் சுற்றியே டிரைவர் பெரியண்ணனின் தோள் விட்டுப்போயிற்று. சவரிராயன் பிளக்கைக் கழற்றினான், காய்ந்திருந்தது. கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுற்றச் சொன்னான், கை நனையவில்லை. பெட்ரோல் வரும் ஊசித் துளையான ஜெட்டில் அடைப்பு என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முந்தின நாள்தான் அவனே அதைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தான். தன் கை பட்ட இடத்தில் கோளாறு என்று பத்து டிரைவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

"பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கு முதலாளி. யாரு கலப்பாங்கன்னு நான் சொல்லணுமா?"

பெரியண்ணன் அன்றே திருடனாகி வீட்டுக்குப் போனான். மத்தியானம் ஜெட்டைக் கழற்றினால் உள்ளே சிவப்பு நூல், துடைத்த வேஸ்ட் துணியிலிருந்து பிரிந்தது. முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்கவும் சவரிராயன் அதை வாயில் போட்டு விழுங்கினான். வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அவன் மனைவி பாப்பாயி நூலை வீணாக்கவில்லை. அலசிக் காயவைத்து உறையூர்த் தறிக்காரரிடம் கொண்டுபோனாள். வீட்டுக்காரர் இருமியது என்றதும் அவர், "சாயம் போகாதேம்மா?" என்று மட்டும் கேட்டார். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து இதை ஒப்புக்கொண்டபோதெல்லாம் சாமியார் ஒன்றையே சொன்னார்: அந்த டிரைவரிடம் போய்ச் சொல். ஏழு ஈஸ்டர் கழிந்தது. எட்டாம் வருஷம், சொல்லிவிட்டால் நூல் நின்றுவிடும் என்று நம்பி, அந்த நூலில் நெய்த ஒரு சிவப்புத் துண்டோடு ஸ்ரீரங்கத்து அரிசி மண்டிக்குப் போனான். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பெரியண்ணனிடம் தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"மண்ணெண்ணெயா இருந்தா பிளக் நனைஞ்சிருக்கும். எனக்கு அன்னைக்கே தெரியும் மேஸ்திரி."

"சொல்லியிருக்கலாமேப்பா."

"திருடன் சொன்னா யாரு கேப்பா? பாய் மௌத்தாயி மூணு வருஷமாச்சு. அவரு இருக்கிறப்ப வந்திருக்கலாம்ல?"

சவரிராயன் துண்டை நீட்டினான். பெரியண்ணன் அதைத் தடவிப் பார்த்துச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தான்.

"மெத்துன்னுதான் இருக்கு. ஆறு மாசத்துல நைஞ்சிரும். அடுத்தது வருமா?"

சவரிராயனுக்கு அங்கேயே இருமல் வந்தது. கையில் விழுந்த நூலைப் பெரியண்ணன் எட்டிப் பார்த்தான்.

"சரி, வரும்" என்று மூட்டைக்குக் குனிந்தான்.