கரியாலூருக்கு மேலே ஒரு மிக்

கயிற்றின் மறுமுனையை வேப்பமரத்தில் சுற்றி இறுக்கிய பிறகுதான் அருள்மொழி பேனரை முழுதாகப் படித்தாள். அதுவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதன் மூலைகளை. நான்கும் சமமாக நிற்கின்றனவா, காற்றடித்தால் எந்தப் பக்கம் கிழியும் என்று. 'கண்ணீர் அஞ்சலி' சரியாக இருந்தது. அப்பாவின் பெயர், தனசேகரன், சரியாக இருந்தது. தோற்றம், மறைவு இரண்டும் சரி. பெயருக்குக் கீழே அவள் எழுதி அனுப்பாத ஒரு வரி மஞ்சள் எழுத்தில் இருந்தது.

'முன்னாள் விமானப்படை வீரர்.'

பின்னணியில் அப்பாவின் மிக் போர்விமானம் கல்வராயன் மலைக்கு மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து பறந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தையும் அப்பாவின் முகத்தையும் காலையில் பிளக்ஸ் கடைக்கு அனுப்பியது அவள்தான். கடைக்காரர் படத்தைப் பார்த்து அவராக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தான் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அப்பா சிறிய எழுத்தில் 'மாடல் விமானம் - செய்து படம் எடுத்தவர் தனசேகரன்' என்று போட்டுவிடுவார். பேனரில் அந்த மூலையின் மேல்தான் வட்டமாக அவர் முகத்தை வைத்திருந்தார்கள்.

"பெரீப்பா, இங்க வாங்களேன். தப்பா அடிச்சிட்டாங்க."

அப்பாவின் அண்ணன் காசிநாதன் சாமியானாவுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு வந்தார். கண்ணைச் சுருக்கி வாய்விட்டுப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். செல்போனை எடுத்துப் படம் பிடித்து எதையோ தட்டினார்.

"நல்லாத்தான கீது."

"அப்பா எங்க பெரீப்பா விமானப்படைல இருந்தாரு? கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தாரு."

"எனக்குத் தெரியாதாடி? கூடப் பொறந்தவன் நானு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இருந்துட்டுப் போவுது வுடு. அவன ஊர்ல இன்னான்னு கூப்ட்டாங்க? பொம்மக்காரன். மீச நரைச்சவன் பொம்ம வச்சிக்கினு திரியறான்னு டீக்கடைல எங்காதுபடவே சிரிச்சானுங்க. நான் அந்தக் கடைக்குப் போறதயே வுட்டுட்டேன். போற அன்னைக்காவது அவன் மரியாதயா போவட்டும்."

"பொய்யாச்சே பெரீப்பா."

"யாரு குடிய கெடுக்குது இந்தப் பொய்யி? போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ்ல வேற வச்சிட்டேன். போ, உங்கம்மாவுக்குத் தண்ணி குடு."

அவள் உள்ளே போனாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அப்பா, புதுவேட்டியில், யாரோ சீவிவிட்ட தலையோடு கிடந்தார். முந்தைய நாள் மாலை மரவள்ளிக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பெட்டியின் தலைமாட்டில் அவருடைய அக்கா பாப்பாத்தி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கட்டிய பேனரின் சேதி அதற்குள் அவளுக்கும் எட்டியிருந்தது.

"மேகத்துக்கு மேல பறந்த எஞ்சாமி, எங்கள
மண்ணுல வுட்டுட்டுப் போனியே..."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அதற்குச் சேர்ந்து அழுதார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அருள்மொழியைக் குழப்பியது. வந்தவர்கள் வாசலில் பேனரைப் படித்துவிட்டு, செருப்பைக் கொஞ்சம் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அப்பாவிடம் ஒருநாளும் நின்று பேசாத ரேஷன் கடைக்காரர் கைகட்டி நின்றார். ஒருவேளை அப்பாவுக்கே இது பிடித்திருக்குமோ? நான்தான் தேவையில்லாமல் ஒரு வரிக்காக மல்லுக்கு நிற்கிறேனோ?

அவள் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். அந்தப் படம் எடுத்த காலை முதலில் வந்தது. கரியாலூர் போகும் மலைப்பாதை வளைவில், தடுப்புச்சுவர் ஓரம், ஈரத்தில் அவள் குப்புறப் படுத்திருந்தாள். கையில் குடைக்கம்பி. கம்பியின் நுனி, கேமராவுக்குத் தெரியாத பக்கமாக மிக்கின் வயிற்றில் செருகியிருந்தது. அப்பா தரையோடு தரையாகக் கேமராவை வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருந்தார். மலைமேல் விழும் வெயிலும் விமானத்தின்மேல் விழும் வெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

"கை கடுக்குதுப்பா."

"மூச்சு வுடாத அருளு. ப்ளேன் ஆடுது."

கம்பியை எப்படியாவது பிடித்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. மறைக்கலாம், அழிக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

பிறகு இன்னொன்று வந்தது. எவனோ ஒருவன் அதே படத்தின் மூலையை வெட்டிவிட்டு, நிஜ விமானம் என்று இணையத்தில் போட்டிருந்தான். ஆயிரக்கணக்கானவர்கள் சல்யூட் வைத்திருந்தார்கள். அப்பா அதன் கீழே போய், அது மாடல், நான் செய்தது என்று எழுதினார். யாரும் நம்பவில்லை, சிலர் திட்டினார்கள். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை பேர் நிஜம் என்று நம்பியது பெருமைதானே என்று அவள் கேட்டாள்.

"நெஜம்னு நம்பிட்டா, அப்பறம் அதுல நான் எங்கடி இருக்கேன்?" என்றார் அப்பா.

அருள்மொழி அம்மாவின் அருகில் குனிந்தாள். நிர்மலா பெட்டியின் மேல் கையை வைத்தபடி அசையாமல் இருந்தாள். பேனரில் இருப்பதைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று அருள்மொழி கேட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும் அருளு," என்றாள் நிர்மலா. "நான் ஒருநாளாவது மலைக்குப் போயிருப்பனா அவருகூட? கம்பி புடிச்சது நீ. நீயே சொல்லு."

வெளியே ஒரு கார் வந்து நின்றது.

காரிலிருந்து இறங்கியவர் நெட்டையாக, வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் தெய்வசிகாமணி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். கூட வந்தவர் கையில் பெரிய மலர்வளையம். தெய்வசிகாமணியின் கையில் ஒரு துணிப்பை. அதன் வாயில் மடித்த தேசியக்கொடியின் பச்சை ஓரம் தெரிந்தது. பறையடித்துக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே நிறுத்தினார்கள். காசிநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்.

"ஸ்டேட்டஸ் பாத்துட்டு எங்க குரூப்ல போட்டாங்க," என்றார் தெய்வசிகாமணி. "இத்தன பக்கத்துல ஒருத்தர் இருந்திருக்காரு, எங்களுக்குத் தெரியாம போச்சே. லிஸ்டுல பேரு இல்லியே, எந்த ஊர்ல வேல செஞ்சாருங்க?"

"அது வந்துங்க சார்..." காசிநாதனின் காது சிவந்தது. "வடக்கதாங்க. ரொம்ப வருசம் ஆச்சு. பேப்பருங்கல்லாம் வூட்ல எங்கியோ கீது, இந்த நேரத்துல எங்க தேடறது..."

அருள்மொழி கதவோரம் நின்று கேட்டாள். பெரியப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது அவருடைய முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த கேள்விக்கு அவர் இன்னொன்று சொல்லியாக வேண்டும். அதற்கடுத்த கேள்விக்கு வேறொன்று. கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கு ஒரு புதிய வாழ்க்கையே தயாராகிவிடும். அதில் கரும்பு இருக்காது. கரியாலூர் வளைவு இருக்காது. கம்பி பிடித்தவள் இருக்க மாட்டாள்.

அவள் படியிறங்கிப் போனாள்.

"சார், எங்கப்பா விமானப்படைல இல்லீங்க. எந்தப் படையிலயும் இல்ல. பிளக்ஸ்ல தப்பா போட்டுட்டாங்க."

உள்ளே ஒப்பாரியும் நின்றுவிட்டது. காசிநாதன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டியேடி," என்றார் மெதுவாக.

தெய்வசிகாமணி பேனரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இந்த ப்ளேன்?"

"அது எங்கப்பா செஞ்சது சார். மலைல வச்சி அவரே எடுத்த போட்டோ."

"அட, அந்தப் பொம்மதானா!" என்று பந்தலின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"ஆமாங்க," என்றாள் அருள்மொழி அந்தப் பக்கம் திரும்பி. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "பொம்மதான். எங்கப்பா செஞ்ச பொம்ம. இருங்க, எடுத்துக்கினு வரேன்."

அவள் உள்ளறைக்குப் போய், பரணிலிருந்து மிக்கை இரண்டு கையாலும் இறக்கினாள். பழைய சேலையால் மூடியிருந்தது. சேலையை எடுத்துவிட்டுக் கொண்டுவந்து தெய்வசிகாமணியின் முன்னால் நீட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சிறகின் மேல் பேனாமுனையால் கீறிய கோடுகளையும், அதில் பதிந்த சின்னச்சின்ன ஆணிப்புள்ளிகளையும், வால்பக்கம் அடுப்புக்கரியைத் தேய்த்து உண்டாக்கிய புகைக்கறையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விமானி உட்காரும் இடத்தின் மூடியில் அவர் விரல் நின்றது.

"இது இன்னாம்மா கண்ணாடியா?"

"எக்ஸ்ரே பிலிம் சார். நான் ஸ்கேன் சென்டர்ல வேல செய்றேன், வேணாம்னு போடறத எடுத்தாந்து குடுப்பேன். கழுவி, சூடு பண்ணி வளைப்பாரு."

"எலும்பு மாதிரி ஏதோ தெரியுதே?"

"அந்த ஒண்ண நான் கழுவுனேன் சார். சரியா போவல."

அவர் சிரித்துவிட்டார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்க்க நெருங்கினார்கள். "யாரு எலும்புமா?" என்று ஒருவர் கேட்டார். "கைய வைக்காதய்யா, ஒடஞ்சிரப் போவுது," என்று இன்னொருவர் அவரைத் தள்ளினார். கூட்டத்துக்கு நடுவில் காசிநாதன் மட்டும் விலகி நின்றார். பிறகு, யாரும் கூப்பிடாமலே வந்து, விமானத்தின் பின்பக்கம், புகை வரும் துளைக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே பெயின்ட் படாத இடத்தில் சாம்பல்நிறப் பிளாஸ்டிக்கும் அதில் நீல எழுத்தில் பாதி அறுந்த கம்பெனிப் பெயரும் தெரிந்தன.

"ஏய், இது எம் போர் பைப்பு."

யாருக்கும் புரியவில்லை.

"போர்வெல் மோட்டார்கிட்ட வச்சிருந்தேன், காணோம். எவனோ தூக்கிக்கினு பூட்டான்னு ஊரெல்லாம் வஞ்சிக்கினு கெடந்தேன். அவனும் கூடச் சேந்து தேடனான்." காசிநாதன் மிக்கைக் கையில் வாங்கினார். பைப் எந்த இடத்தில் முடிகிறது, எந்த இடத்தில் அட்டை தொடங்குகிறது என்று விரலால் தடவித் தேடினார். மூக்கிலிருந்து வால்வரை போனார். கண்டுபிடிக்க முடியவில்லை. "எங்கடா சேத்தான் இத..." என்று முனகினார். மறுபடியும் மூக்கிலிருந்து தடவிக்கொண்டு வந்தார்.

தெய்வசிகாமணி கொடியைப் பைக்குள் நன்றாகத் தள்ளி, பையை மடித்தார்.

"கொடி போத்த முடியாதும்மா. அதுக்கு மொற இருக்குது."

"தெரியும் சார். வேணாங்க."

"இந்த வளையம் சங்கத்துக் காசு. இதையும் வைக்கக் கூடாது." அவர் சற்று யோசித்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "இங்க மாலை எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். "நான் போட்டுட்டுப் போறேன். நான் ஆர்மில லாரி ஓட்டனவன். ஏரோப்ளேன நானும் கீழேருந்து பாத்தவன்தான்."

உள்ளே பாப்பாத்தி மூக்கைச் சிந்திவிட்டு, கதவு வழியே வந்த அருள்மொழியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி, அப்ப ஓட்டலயா எந்தம்பி?"

"ஓட்டல அத்த. செஞ்சாரு."

பாப்பாத்தி கொஞ்சநேரம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியின் மேல் சாய்ந்து புதிதாக எடுத்தாள்.

"அட்டையறுத்து ரெக்க வச்ச எஞ்சாமி, நீ
ஆகாசத்த வூட்டுக்குக் கொண்டாந்தியே..."

இந்த முறை நிர்மலா அழுதாள். காலையிலிருந்து அழாதவள்.

அருள்மொழி ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஸ்டூலில் ஏறி, மஞ்சள் எழுத்தின் தொடக்கத்தில் குத்தி இழுத்தாள். பிளக்ஸ் துவண்டது, பிளேடு எழுத்தை விட்டு விலகி ஓடியது. சட்டென்று துணி விறைப்பாக நின்றது. கீழே காசிநாதன் பேனரின் அடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"கோணலா போவுது பாரு. மெதுவா அறு."

அந்த வரி மட்டும் பட்டையாகக் கழன்று விழுந்தது. விமானமும் மலையும் அப்படியே இருந்தன.

வெயில் சாயும் முன் அப்பாவை எடுத்துவிட்டார்கள். மிக்கையும் பாடையில் வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். "அத எதுக்கு எரிக்கணும்?" என்று நிர்மலா ஒரே வார்த்தையாக மறுத்துவிட்டாள். பறை முன்னால் போனது. பூவை உதிர்த்துக்கொண்டே ஆண்கள் போனார்கள். பெண்கள் தெருமுனைவரை வந்து நின்றார்கள். அருள்மொழியும் அங்கேயே நின்றாள்.

கச்சிராயபாளையம் போகும் ரோட்டில் ஊர்வலம் திரும்பியபோது எதிரே வந்த டவுன்பஸ் ஓரங்கட்டி நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒருவர் தலையை நீட்டிக் காசிநாதனிடம் ஏதோ கேட்டார். பறைச் சத்தத்தில் அது அருள்மொழியின் காதில் விழவில்லை. காலையில் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்தவராக இருக்க வேண்டும். பெரியப்பா நின்றார். தலையை இடவலமாக ஆட்டி இல்லை என்றார். பிறகு பேசினார். பேசிக்கொண்டே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு நீளத்தைக் காட்டினார். அது போதவில்லை போலிருக்கிறது. கைகளை இன்னும் அகட்டினார். துண்டு தோளிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கைகளை விரித்தபடியே நின்று, பஸ்ஸிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் வந்து பார்க்கும்வரை காட்டிக்கொண்டிருந்தார்.