ரைட்டர் விடாத இடைவெளி

சாதிக் பாஷாவுக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை. மெல்வின், கொட்டச்சேட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், குட்டி ரயில். பொம்மைக் கடையில் கிடைக்கிற அளவு இல்லை. எஞ்சினே சுண்டு விரல் நீளந்தான். தண்டவாளத்தில் ஒரு பச்சைப் பயறு கிடந்தால் போதும், ரயில் கவிழ்ந்துவிடும்.

ஏற்காட்டு மலைக்கு ரயில் கிடையாது. அதனால் இவர்களே விட்டார்கள். அடிவாரத்துக் குப்பனூர் பாஷாவின் பலகையில் இருந்தது, மேலே கொட்டச்சேடு மெல்வினின் பலகையில். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கிள்ளி ஒட்டிக் காபிச் செடி, குடித்து மிஞ்சிய காபித் தூளைக் காயவைத்து மண். அவரவர் பலகை அவரவர் வீட்டில். இரண்டையும் சேர்த்தால்தான் தண்டவாளம் வட்டமாகும். ஒன்று மட்டும் இருந்தால் ரயில் ஓரத்தில் போய் நின்றுகொள்ளும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் சண்டை. பாஷா தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விடுவார். மெல்வின் விடமாட்டார். எல்லா இணைப்பையும் சால்டர் ஈயத்தை உருக்கி வைத்து அடைத்து, அரம் போட்டு வழவழவென்று ஆக்கிவிடுவார்.

"வெயிலுக்கு இரும்பு நீளும், மரம் காஞ்சு சுருங்கும், ரைட்டரே."

"அது சேலத்துக்காரனுக்குங்க பாய். நம்ம மலையில தண்டவாளத்துக்கே ஸ்வெட்டர் போடோணும்."

மெல்வின் பலகையில் ரயில் சத்தமே இல்லாமல் போகும். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

ஐப்பசி மழையில் மார்வலி வந்து மெல்வின் போய்ச் சேர்ந்தார். பாஷா அழவில்லை. மாதா கோயிலில் நின்றபோது சவப்பெட்டிப் பலகை எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது நெஞ்சு. கடை திறந்தார், பல்பு விற்றார், போட்டதைச் சாப்பிட்டார்.

"ஒரு பாட்டம் அழுதுருங்க," என்றார் மனைவி பரிதா.

"நாளைக்கு வருதான்னு பாக்கலாம்," என்றார், கடையில் சரக்கு இல்லாதபோது சொல்வது போலவே.

சித்திரையில் மெல்வினின் மனைவி பிலோமினா கடைக்கு வந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூரில் மகளோடு இருக்கப் போகிறார்.

"ஏனுங்க பாய், சேலத்துக் கண்காட்சிக்கு அவரு பேரு குடுத்து வெச்சிருந்தாராமா. கொண்டு போலாமுங்களா? அத்தன வருசம் ஊட்டுல பசை நாத்தம்னு வெரட்டுனதுதான். ஒரு சுத்து முழுசா ஓடி நான் பாத்ததே இல்லீங்க. பாத்துட்டு ஓசூர் போயிடறன். அப்பறம் நீங்களே வெச்சுக்கோங்க."

"சரிங்கக்கா," என்றார் பாஷா. மறுப்பதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

சேலத்து மண்டபம் அடுப்பு மாதிரி கொதித்தது. பலகைகளைச் சேர்த்துத் திருகாணி முடுக்கி, பிலோமினாவை எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார். குப்பனூரிலிருந்து ரயில் நன்றாகத்தான் கிளம்பியது. கொட்டச்சேட்டு வளைவில் குப்புறக் கவிழ்ந்தது. தூக்கி வைத்தார். மறுபடியும் அதே இடத்தில் கவிழ்ந்தது.

பக்கத்து மேசையில் தன் ரயிலைத் துடைத்துக்கொண்டிருந்த தேவசிகாமணி எட்டிப் பார்த்தார்.

"பாய், உங்க ரயிலு காபி பறிக்க எறங்குதுங்களா?"

பாஷா வளைவின் பக்கம் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் விரல் நுனியை ஓட்டினார். கண்ணுக்குத் தெரியாத கோணல் விரலுக்குத் தெரியும். வளைவில் தண்டவாளம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. மலை ஈரத்தில் ஊறிய பலகை இந்த வெயிலில் சுருங்கிவிட்டது. தண்டவாளம் நகர இடமில்லை.

"என்னாச்சுங்க?" என்றார் பிலோமினா.

"வெட்டோணுங்கக்கா. ரெண்டு கம்பியையும், ஒரே எடத்துல."

"அவரு இருந்தா வுட்டிருப்பாருங்களா?"

"கைய முறிச்சிருப்பாரு."

பிலோமினா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வெட்டுங்க. இப்பக் கேக்க ஆளில்ல."

சவர பிளேடு மாதிரியான சின்ன ரம்பத்தை எடுத்தார் பாஷா. மெல்வின் அரம் போட்டு வழித்த இடத்திலேயே அறுத்தார். தண்டவாளம் 'டிங்' என்று துள்ளி நேராகப் படுத்தது. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை என்று நினைத்தார்.

இந்தத் தடவை ரயில் கவிழவில்லை. குப்பனூரை விட்டு ஏறி, வளைவைக் கடந்து, சின்ன ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் போனது. பிலோமினா சட்டென்று குனிந்தார்.

"வாசல்ல நிக்கறது யாருங்க?"

அரிசி அளவு பொம்மை. நீலச் சேலை, இடுப்பில் கை.

"நீங்கதானுங்க."

"இடுப்புல கைய வெச்சுட்டா?"

"திட்டற மாதிரி வேணும்னு சொல்லி மூணு பொம்மைய ஒடச்சாரு."

"பாவி மனுசன்," என்று சிரித்தார் பிலோமினா. சிரிப்பு பாதியில் வேறாகி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். தேவசிகாமணி துணியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாஷா ரயிலின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிலோமினா ஓசூர் போன பிறகு, பாஷா இரண்டு பலகைகளையும் தன் வீட்டு முன்னறையில் சேர்த்து வைத்தார். வெளியே மழை. மலைக்கு வந்ததும் பலகை மறுபடி ஈரம் குடித்துப் பெருத்துவிட்டது. வெட்டிய இடம் இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தது. ரயில் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே 'டக்' என்றது.

"ஏனுங்க, ரைட்டரண்ணன் பக்கம் சத்தமே வராதே?" என்றார் பரிதா, அடுப்படியிலிருந்து.

"இப்ப வருது."

"அடைக்க முடியாதுங்களா?"

"முடியும். ஒரு சொட்டு சால்டர் போதும்."

சால்டர் கம்பியைப் பிளக்கில் செருகிச் சூடாக்கினார். ரயிலை நிறுத்திவிட்டு, எங்கே வைப்பது என்று பார்க்கக் கண்ணை மூடி விரல் நுனியைத் தண்டவாளத்தில் ஓட்டினார். வழவழவென்று வந்த விரல் அந்த இடைவெளியில் இறங்கி நின்றது. எடுக்கவில்லை.

"தோச ஆறுதுங்க," என்றார் பரிதா.

வரவில்லையே என்று எட்டிப் பார்த்தார். சால்டர் கம்பி வீணாகப் புகைந்துகொண்டிருந்தது, பாஷாவின் விரல் அந்த இடைவெளியிலேயே இருந்தது, கன்னம் நனைந்திருந்தது. பரிதா வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.