ஜன்னல் பக்கம் திரும்புற நாற்காலி

செத்துப்போன ஒருத்தன் தெனமும் ஒக்காந்த நாற்காலிய சும்மா குடுத்தா, நீங்க வாங்கிட்டுப் போவீங்களா?

ஹட்டன் டவுன்ல, ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில, கம்ப்யூட்டர் வேலை பாக்குற பிள்ளைங்க மேசைக்கு வாடகை குடுத்து ஒக்கார்ற எடம் ஒண்ணு இருந்துச்சு. லயத்து வீடுகள்ல சிக்னல் கெடைக்காத தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்கதான் அங்க அதிகம். ஒவ்வொருத்தரா கொழும்புக்கும் கட்டாருக்கும் போயிட்டாங்க. கட்டடக்காரரும் எடத்தக் கேட்டுட்டாரு. மேசை, நாற்காலி, அலமாரி எதையும் விக்க வேணாம், சங்கங்களுக்குக் குடுத்துருங்கன்னு கொழும்புல இருந்து முதலாளி சொல்லிட்டாரு. குடுத்து முடிக்கிற பொறுப்பு ஷெரோமிக்கு. றொசல்லயில இருந்து தெனம் வந்து அந்த எடத்தத் தொறந்து பூட்டுறவ அவதான்.

எல்லாம் போயிக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாற்காலி மட்டும் போகல.

அது கிஷாந்த் ஒக்காந்தது. பொகவந்தலாவ பக்கத்துத் தோட்டத்துப் பையன். போன வருசம் மாசி மாசம், மழையில பைக்கோட வளைவுல விழுந்து செத்துப்போனான். அதுலேருந்து, சாயந்தரம் ஷெரோமி மேசையப் பாக்க வச்சுட்டுப் போற நாற்காலி காலையில ஜன்னலப் பாக்கத் திரும்பியிருக்கும். ஜன்னலுக்குக் கீழ பொகவந்தலாவ ரோட்டு.

"தரை சாய்வும்மா, நாற்காலி அடிச் சில்லு உருளுது" அப்படின்னாரு கட்டடக்காரரு. சரி, அப்படித்தான் இருக்கும். ஆனா அதே தரையில மத்த நாற்காலியெல்லாம் வச்ச எடத்துலதான நிக்குது? ஒரு நா சில்லுக்கெல்லாம் கல்லு குடுத்துட்டுப் போனா. காலையில வந்து பாத்தா கல்லு அசையல. ஒக்கார்ற பலகை மட்டும் ஜன்னலப் பாத்துத் திரும்பியிருக்கு. மாதா படத்தக் கொண்டாந்து செவுத்துல மாட்டினா. அதுக்கும் அது அசரல.

கைப்பிடிக்கு அடியில மஞ்சக்கெழங்கு கோத்த கயிறு ஒண்ணு வேற சுத்தியிருந்துச்சு. யாரோ மந்திரிச்சுக் கட்டிட்டாங்கன்னு நெனச்சு, தூசி தட்டும்போதுகூட அந்தப் பக்கம் கைய கொண்டு போக மாட்டா.

முதியோர் இல்லத்து ஆளு வந்தப்ப, அதையும் தூக்கிட்டுப் போகச் சொல்லிப் பாத்தா. கீழ கடையில யாரோ அவருகிட்ட சொல்லியிருக்கணும்.

"வேணாம் மிஸ். எங்க ஆளுங்க ஏற்கனவே கியூவுல நிக்கிறாங்க. இத வேற கொண்டுபோயி அவசரப்படுத்தவா?"

கடைசி லொறி பொகவந்தலாவயில இருந்து வந்துச்சு. தோட்டத்து மாதர் சங்கம் பிள்ளைங்க புத்தகம் படிக்க வாசிகசாலை தொறக்குது. கிஷாந்தோட தோட்டந்தான். அது தெரிஞ்சு ஷெரோமி அந்த நாற்காலிய தேத்தண்ணி போடுற அறைக்குள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டா.

லொறிக்காரர் இராமையா உள்ள வந்ததும் ஒரு நாற்காலியில ஒக்காந்து சுத்திப் பாத்தாரு. "எங்க தோட்டத்துத் தொரகூட இப்படி ஒக்காந்ததில்ல. ராக்காயி, வந்து ஒரு சுத்து சுத்திப் பாரு."

"ஒங்க வயசுக்கு அது ஒண்ணுதான் கொறைச்சல்ண்ணே. எந்திரிச்சுத் தூக்குங்க" அப்படின்னாங்க கூட வந்த அம்மா. அப்புறம் ஷெரோமி பக்கம் திரும்பி, "நான் கிஷாந்தோட அம்மா மிஸ். அவன் ஒக்கார்ற எடத்த ஒருக்காப் பாக்கணும்னுதான் வந்தேன்."

ஷெரோமி ஜன்னல் பக்கம் கைய காட்டினா. மேசை கெடந்துச்சு, நாற்காலி இல்ல. ராக்காயி மேசையத் தடவிப் பாத்தாங்க.

"அந்த வருசம் காமன் கூத்துல அவந்தான் மன்மதன் வேசம். காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டுனவன் கூத்து முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லைய தாண்டக்கூடாது மிஸ். வேலை அவசரம்னு யாருக்கும் சொல்லாம வந்துட்டான். ஒடம்பத் தூக்கும்போது கையில காப்பு இல்ல. அத்து எறிஞ்சுட்டான், அதான் சாமி அடிச்சிருச்சுன்னு கூத்து வாத்தியார் சொல்லிட்டாரு. இந்த வருசம் எல்லா வீட்டு வாசல்லயும் கூத்து நின்னு ஆடுச்சு. எங்க வாசல மட்டும் தாண்டிப் போயிருச்சு."

மேசைய விட்டுக் கைய எடுத்தாங்க. அப்புறம், "தோட்டத்துக்குக் கிட்ட வந்துட்டான் மிஸ். ஆனா பைக்கு ஹட்டனப் பாக்கக் கெடந்துச்சாம். வீட்டுக்கு வந்தவன் எதுக்குத் திரும்பினான்? அது தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்."

அப்ப, சாத்துன கதவுக்குப் பின்னால டக்குன்னு ஒரு சத்தம்.

மேசை தூக்கிக்கிட்டு இருந்த இராமையா நின்னுட்டாரு. "உள்ள யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல" அப்படின்னா ஷெரோமி. திரும்பவும் டக். மெதுவா, சில்லு வந்து கதவுல இடிக்கிற மாதிரி.

தரை சாய்வுன்னு சொல்லிட்டு கதவ அப்படியே விட்டிருக்கலாம். சொல்லத்தான் வாயத் தொறந்தா. ஆனா போயிக் கதவத் தொறந்தா. மூலையில தள்ளுன நாற்காலி, கதவ ஒட்டி, அவங்களப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"அவன் நாற்காலிம்மா. நாந்தான் ஒளிச்சு வச்சேன்."

ராக்காயி அதுல ஒக்காரல. பக்கத்துல தரையில ஒக்காந்து கைப்பிடியத் தடவுனாங்க. கை அடியில போயி நின்னுச்சு. குனிஞ்சு பாத்தாங்க.

"மிஸ், இது காப்பு."

அவன் விழுந்த அன்னைக்கு சாயந்தரம் சொன்னது அப்பத்தான் ஷெரோமிக்குப் புரிஞ்சுச்சு.

"போன வழியில இருந்து கிஷாந்த் எனக்குப் போன்ல கோல் எடுத்தான்மா. 'அக்கா பூட்டிறாதீங்க, ஒரு சாமான விட்டுட்டேன், திரும்பி வர்றேன்'னான். நான் சார்ஜர்னு நெனச்சேன். கடைசி பஸ் வரைக்கும் இருந்தேன். அவன் வரல."

ராக்காயி கயித்த மெதுவா உருவி எடுத்து வெளிச்சத்துல புடிச்சாங்க. "அத்ததில்ல பாருங்க. முடிச்ச அவுத்து, சுத்தமா சுத்தி வச்சிருக்கான். வேலை முடிஞ்சதும் திரும்பக் கட்டிக்கலாம்னு வச்சிருக்கான். இதுக்குத்தான் திரும்பியிருக்கான், பைத்தியக்காரப் பய." அழல. கயித்த முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

இராமையா தலையச் சொறிஞ்சாரு. "தங்கச்சி, நாற்காலியையும் ஏத்தணுமா?"

"ஏத்துங்க. வாசிகசாலையில பிள்ளைங்க ஒக்காரட்டும்."

"சில்லு வச்ச நாற்காலி. அந்த வளைவுல ஓடிறப் போவுது."

"நான் புடிச்சுக்கிட்டு வர்றேன்."

ராக்காயி லொறிப் பின்பக்கம் ஏறி நாற்காலிய முட்டிக்கு நடுவுல இறுக்கிக்கிட்டாங்க. லொறி பொகவந்தலாவ ரோட்டுல எறங்குற வரைக்கும் ஷெரோமி ஜன்னல்ல நின்னு பாத்தா. அப்புறம் அந்த வெறும் அறையில இருக்கப் பயந்துக்கிட்டு, வெளக்கமாத்த அப்படியே போட்டுட்டுப் பூட்டிட்டா.

மறுநா காலையில ராக்காயி கூத்து வாத்தியார் வீட்டு வாசல்ல நின்னு காப்பக் காட்டுனாங்க. அவரு வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டு உள்ள போயிட்டாரு. கூத்து முடிஞ்சு காப்பு அவுக்குறவங்க மாதிரி, லயத்துக்குக் கீழ ஆத்துல அத விட்டுட்டு, ராக்காயி கொழுந்தெடுக்கப் போனாங்க. வாசிகசாலையில நாற்காலி வச்ச எடத்துலயே இருந்துச்சு.