உப்பில்லாத களி

கரீபியன் கடலில் இருக்கும் கரியாக்குத் தீவில் தன் முன்னோர் அடிமைகளை வேலை வாங்கிய தோட்டத்தை நைஜல் ஊராருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மேடையில் அவர் மன்னிப்புக் கேட்டபோது, அந்த அடிமைகளின் வழிவந்த வெர்லினுக்குக் கொட்டாவிதான் வந்தது.

மறுநாள் ஊர் விருந்து. ஏதாவது வேலை கொடுங்கள் என்று அவர் நச்சரிக்க, மக்காச்சோளக் களி கிண்டும் துடுப்பை வெர்லின் அவர் கையில் திணித்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், மனுஷன் உப்பை அள்ளிப் போட்டுவிட்டார்.

"அடப்பாவி, இது செத்துப்போன பெரியவங்களுக்குப் படைக்கிறது. உப்புப் பட்டா தொட மாட்டாங்க. கொட்டிட்டு முதல்லேருந்து கிண்டுங்க."

"நான் அடுப்புப் பக்கமே போனதில்லம்மா."

"உங்க வீட்டுல என்னைக்கு யாரு போனாங்க?"

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சட்டை நனைய நனையக் கிண்டினார். கைகொடுக்க வந்தவர்களை வெர்லின் முறைத்தே விரட்டினாள்.

களி வெந்ததும் அவளே தட்டில் எடுத்துப்போய், முன்னோருக்கென்று ஒழித்துவைத்த அறையில் வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் வைத்தாள். தரையில் கொஞ்சம் ரம் ஊற்றினாள்.

"சாப்பிடுங்க. கொஞ்சம் கட்டி தட்டியிருக்கு, கோவிச்சுக்காதீங்க. அந்த வீட்டாளுங்க உங்களுக்குச் சமைச்சுப் போடுறது இதான் முதல் தடவை."