நீலக்கோடு போட்ட பன்னிரண்டு மாடுகள்

கிளைவ் கோப்பை கழுவியிருந்தான். மொரீனுக்கு அங்கேதான் முதலில் மூக்கில் வேர்த்தது.

முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில், குடித்த கோப்பையை மேசையிலிருந்து தொட்டிவரை கொண்டுபோவதே பெரிய உபகாரம் என்று நினைக்கிற மனிதன் அவன். வியாழக்கிழமை அவள் யாரம் டவுனில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இரண்டு கோப்பைகளைக் கழுவி, துடைத்து, கொக்கியில் மாட்டியும் வைத்திருந்தான். ஒன்று அவனுடையது. இன்னொன்று யாருடையது? போதாக்குறைக்கு, அவள் வீட்டுப் பாதையில் திரும்பும்போது எதிரே ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வெளியே வந்தது. உள்ளே ராஸ். அந்தப் பக்கத்தில் யார் மாடு விற்றாலும் வாங்கினாலும் நடுவில் நிற்கும் தரகன். வெறும் டீ குடிப்பதற்காக ராஸ் ஒரு வீட்டுக்குப் போனான் என்று சரித்திரமே கிடையாது.

"ராஸ் வந்தானா?" என்று கேட்டாள்.

"எந்த ராஸ்?" என்றான் கிளைவ்.

ஊரில் என்னமோ பத்து ராஸ் வரிசையில் நிற்கிற மாதிரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது இவனுக்கு ஏது? மொரீன் கொக்கியில் தொங்கிய கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மாடுகளைக் கறந்து முடித்து, ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அவன் விஷயத்தைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அறுபது வயது. மெட்டங்கில் ஏரிக்கரை விடுதியில் ஓர் இரவு தங்குகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சிப்பி, ஏரி மீன், கடைசியில் எலுமிச்சை கேக். இறால் பட்டால் அவளுக்கு முகம் வீங்கும் என்பதைக்கூட சமையல்காரியிடம் போனில் சொல்லிவிட்டானாம்.

மொரீனின் நாற்பதாவது பிறந்தநாளுக்குக் கன்றுகளுக்குப் பால் புகட்டும் வாளி வாங்கிக் கொடுத்தவன் இவன். ஐம்பதாவதுக்கு ரப்பர் பூட்ஸ். போன வருஷம் டார்ச் லைட், அதுவும் பேட்டரி சேர்த்துத்தான் கொடுத்தேன் என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டான். நூற்றுப்பத்து ஜெர்சி மாடுகளைக் காலையிலும் மாலையிலும் கறந்தாக வேண்டிய வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியே தூங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மகளின் கல்யாணத்துக்குக்கூட பெர்த்துக்கு அவள் மட்டும்தான் போனாள், இவன் மாடுகளோடு நின்றுவிட்டான். அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது ஏரிக்கரை கேட்கிறதாம். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

"அப்ப மாட்ட யாரு கறப்பா?"

"ஆள் சொல்லியிருக்கேன். நீ எதையும் போட்டுக் கொழப்பிக்காத. நல்ல துணியா ரெண்டு எடுத்து வை, அது போதும்."

எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று ஆண்பிள்ளை சொன்னால் குழம்புவதற்கு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மொரீனுக்கு அது பதினோரு வயதிலேயே தெரியும். அவள் அப்பாவும் இதே மாதிரிதான் செய்தார். அம்மாவின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு மெல்பர்னில் ஹோட்டல், மேசை விரிப்பு போட்ட சாப்பாடு, ஓர் இரவு தங்கல். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் தொழுவம் காலி. அம்மா ஊரில் இல்லாத நேரம் பார்த்து லாரி வைத்து மாடுகளை மொத்தமாக ஏற்றிவிட்டிருந்தார். இருந்தால் அழுவாள், அதைப் பார்க்கச் சகிக்காது, அதனால்தான் என்று பிறகு காரணம் சொன்னார். அம்மா அழவில்லை. அதற்குப் பிறகு பிறந்தநாள் மட்டும் கொண்டாடவில்லை.

இந்த மாடுகள் மொரீனுடையவை. நிலம் கிளைவின் அப்பா விட்டுப்போனது, அதில் அவள் பங்கு கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு கன்றுக்கும் விரலைச் சப்பக் கொடுத்துப் பால் குடிக்கப் பழக்கியவள் அவள். பெயர் வைத்தவளும் அவள்தான். அவளைக் கேட்காமல் அவற்றை லாரியில் ஏற்றினால் இந்த வீட்டில் தனக்கு என்று என்ன இருக்கிறது? மூன்று நாளாக இது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று நாளும் அவன் நடந்துகொண்ட விதமும் சரியில்லை. போன் வந்தால் டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பேசினான். முடி வெட்டிக்கொண்டு வந்தான். சனிக்கிழமை மாலை, கறக்க வராதே, போய்க் காலை நீட்டு என்று அவளைத் துரத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே பாட்டு. பிறந்தநாள் அதுவுமாக மனிதர் தனியாக எழுந்து போய்க் கறந்துவிட்டு, கருகின டோஸ்டும் டீயுமாகப் படுக்கைக்கே வந்தார். மொரீன் டோஸ்டைத் தின்றாள். ருசி தெரியவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். வண்டி பாதையில் மெதுவாக இறங்கும்போது வேலியோரம் மாடுகள் நின்றுகொண்டிருந்தன. அப்போதுதான் பார்த்தாள். டச்சஸின் பின்பக்கத்தில் ஒரு நீலக்கோடு. பக்கத்தில் மிஸஸ் பீல், அதற்கும் நீலம். அந்தப் பக்கம் கிளாடிஸ். எண்ணிக்கொண்டே வந்தாள், பன்னிரண்டு. எல்லாம் வயசான மாடுகள், எல்லாம் அவள் கையில் வளர்ந்தவை.

அந்தச் சீமையில் மாட்டின் உடம்பில் இருப்பதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். பின்காலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் மருந்து போட்ட மாடு, அதன் பாலைப் பெரிய தொட்டியில் சேர்க்கக்கூடாது. பின்பக்கத்தில் நீலக்கோடு இருந்தால் லாரிக்குப் போகிற மாடு. நாளைக்குத் திங்கட்கிழமை, சந்தை நாள்.

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கேட்டால் பொய் சொல்வான், அந்தப் பொய்யையும் கேட்டுக்கொண்டு போய்ச் சிப்பி தின்ன வேண்டும். முதலில் பன்னிரண்டு, பிறகு பாக்கி. ஒரேயடியாக ஏற்றினால் ஊர் பேசும் என்று தவணை வைத்திருக்கிறான். இப்படியே அவள் மனசு நாற்பது கிலோமீட்டர் ஓடியது. கிளைவோ ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, அந்த விடுதியில் ஆறு தலையணை தருவார்களாம், ஆறு தலையணையை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வது என்று வியந்துகொண்டு வந்தான். இத்தனை சந்தோஷமாக அவனை அவள் பார்த்ததே இல்லை, அதுவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாங்ஃபோர்ட் தாண்டுவதற்குள் அவன் போன் அடித்தது. திரையில் ராஸ் என்று பெயர். கிளைவ் சட்டென்று கை நீட்டி அதை அணைத்தான்.

"வண்டிய நிறுத்து."

"என்னாச்சு, வயித்தப் பெரட்டுதா?"

"நிறுத்துன்னு சொன்னேன்ல."

பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினான். மொரீன் இறங்கி, சுற்றிக்கொண்டு அவன் பக்கம் வந்து கதவைத் திறந்தாள். "எறங்கு. நான் ஓட்டுறேன். வீட்டுக்குப் போறோம்."

"இன்னிக்கு உன் பொறந்தநாளு மொரீன்."

"எங்கம்மாவுக்கும் பொறந்தநாள்தான். அன்னிக்குத்தானே லாரி வந்துச்சு."

கன்னத்தில் அறை வாங்கின ஆள் மாதிரி கிளைவுக்கு முகம் சிவந்தது. அந்தக் கதை அவனுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். திரும்பி வருகிற வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பேசாதவனெல்லாம் குற்றவாளி என்று மொரீன் தீர்மானித்து, வேகத்தைக் கூட்டினாள்.

வீட்டை அடைந்தபோது மணி மூன்றரை தாண்டியிருந்தது. லாரி எதையும் காணோம். கறவைக் கொட்டகையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல செருப்போடு சாணியை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண், முழங்கைவரை உறை போட்டுக்கொண்டு, கிளாடிஸின் மடிக்குப் பக்கத்தில் நின்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளையா அவன்? நனஞ்ச துண்ட எடுத்துக் காயப்போடத் தெரியாது. கிளைவாம் கிளைவ். முப்பத்து நாலு வருசமா ஒரு துண்டு..."

மொரீனைப் பார்த்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள். தன் பெயர் ட்ரூடி என்றும், ராஸின் மச்சினி என்றும், வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத நாட்களில் போய்க் கறந்து கொடுப்பதுதான் தன் வேலை என்றும் சொன்னாள். வந்து சேர்ந்துவிட்டதை ராஸ் போன் பண்ணிச் சொல்லியிருப்பானே, சொல்லவில்லையா என்று கேட்டாள்.

"எம் புருசன எதுக்குத் திட்டுற?"

"அய்யோ, அவரு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. சீட்டுல எழுதியிருக்கு. திட்டினாத்தான் கிளாடிஸ் பால் விடுமாம். நெஜமாவே விடுது."

சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கியது. கிளைவின் கோணல் கையெழுத்து. தலைப்பில், நீலக்கோடு போட்ட பன்னிரண்டும் புது ஆளுக்குப் பால் விடாது, மொரீன் பேசுகிற மாதிரி பேச வேண்டும் என்று இருந்தது. அதன் கீழே ஒவ்வொரு மாட்டின் பெயரும், அதனிடம் சொல்ல வேண்டியதும்.

டச்சஸ்: 'மகாராணி, கொஞ்சம் காலை நகர்த்துங்க' என்று மரியாதையாகச் சொல்லவும். தட்டினால் உதைக்கும்.

மிஸஸ் பீல்: இன்றைக்கு மழை வருமா வராதா என்று கேட்கவும். பதில் வரும்வரை காத்திருக்கவும்.

கிளாடிஸ்: என்னைத் திட்டவும். துண்டு, கோப்பை, பெர்த் கல்யாணத்துக்கு நான் போகாதது. பெர்த்தைச் சொன்னால் சீக்கிரம் விடும்.

மொரீன் பன்னிரண்டையும் படித்தாள். எல்லாம் அவள் சொல்கிற சொற்கள்தான், ஒன்று பிசகவில்லை. கொட்டகையின் மறுகோடியில் தலையைக் குனிந்தபடி கறக்கிறவனுக்கு மெஷின் இரைச்சலில் எதுவும் காதில் விழாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். எல்லாம் விழுந்திருக்கிறது. பெர்த் விஷயத்தை அவனிடம் அவள் ஒருநாளும் நேராகச் சொன்னதில்லை, கிளாடிஸிடம்தான் சொல்லியிருக்கிறாள். தாளின் அடியில், மொரீன் போன் பண்ணுவாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவும், நன்றாக இல்லாவிட்டாலும் அப்படியே சொல்லவும் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

வெளியே வந்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கிளைவ் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். அவளும் போய் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"நீலத்த ஏன்யா பூசின? இந்த ஊருல நாய்க்குக்கூட தெரியும் நீலம்னா என்னன்னு."

"செவப்பு நாடா கட்டினா அந்தப் பொண்ணு பாலக் கீழ ஊத்திருவா. கொட்டகையில வேற கலர் பெயிண்ட் டப்பா இல்ல." பெல்ட்டைக் கழற்றினான். "நீ சந்தேகப்படுவன்னு எனக்குத் தோணவே இல்ல. அதுதான் நான் பண்ணின முட்டாத்தனம்."

மன்னிப்புக் கேட்டுவிடலாம்தான். ஆனால் அவன் குரல் கடைசியில் தடுக்கி இறங்கியது. இன்னும் எதையோ மறைக்கிறான் என்று கண்டுகொள்ள, முப்பத்து நாலு வருஷம் கூட இருந்தவளுக்கு அது போதும்.

"ராஸ்கிட்ட விக்கிறதப் பத்தி எப்பவாச்சும் பேசினியா? உண்மையச் சொல்லு."

கிளைவ் தன் கைகளைப் பார்த்தான். "ஜூன் மாசம். நீ கால் வழுக்கி மணிக்கட்ட ஒடச்சிக்கிட்டு கெடந்தப்போ. கேட்டேன். மொத்தத்தையும் எடுத்துக்கிறேன்னான். மறுநாளே வேணாம்னுட்டேன்."

"என்னக் கேக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. நீ சரின்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயமாயிருந்துச்சு."

கோபமா துக்கமா என்று மொரீனுக்கே தெரியவில்லை, இரண்டும் இருந்தது. அந்த ஜூனில், கையில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, விடியற்காலையில் அவன் தனியாக மெஷினைப் போடும் சத்தத்தைக் கேட்டபடி அவள் காத்திருந்தாள். இன்றைக்குக் கேட்பான், நாளைக்குக் கேட்பான் என்று மூன்று வாரம் காத்திருந்தாள்.

"அப்பக் கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ரொம்ப அசந்து போயிருந்தேன். நீயும்தான். வித்துரலாம்னு நானே சொல்ல வாய் வரல, நீ கேட்டா தலையாட்டிடலாம்னு கெடந்தேன். நீ கேக்கவே இல்ல. தரகன்கிட்டக் கேட்ட, பெத்த மக கிட்டக்கூடக் கேட்டிருப்ப, எங்கிட்டக் கேக்கல."

"மக கிட்டக் கேக்கல."

"இப்பக் கேளு."

"என்னது?"

"எங்கிட்டக் கேளு. வாயத் தொறந்து கேளு."

கிளைவ் கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டான். இஸ்திரி போட்ட சட்டைக்குள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். "மொரீன்," என்றான், "மாடுகள வித்துரலாமா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பதில் தன் கையில் இருப்பது எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"இல்ல" என்றாள். "இந்த வருசம் வேணாம். அடுத்த பொறந்தநாளைக்கும் கேளு. அதுக்கடுத்ததுக்கும் கேளு. நான் சரின்னு சொல்ற அன்னிக்கு ரெண்டு பேருமா நின்னு லாரியில ஏத்துவோம்."

"கேக்குறேன்" என்றான் கிளைவ். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மெட்டங்கில் மேசை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஏழரை என்றான். இன்னும் நேரம் இருந்தது. மொரீன் வண்டியைக் கிளப்பினாள்.