ரியாசான்காரியின் கட்டில்

1981இல் பிளாவின்ஸ்க் உருக்காலைக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஆலைக்கு ஐம்பது என்றால் ஊருக்கும் ஐம்பதுதான். அதற்கு முன்னால் உர்பா ஆற்றங்கரையில் நாணலையும் கொசுவையும் தவிர வேறெதுவும் இருக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஊருக்கு மூன்று பெயர்கள். முதலில் வெறும் ‘தளம்’. பிறகு ஒரு தலைவரின் பெயர். அந்தப் பெயரை நாடெங்கும் கழற்றி எடுத்தபோது பிளாவின்ஸ்க். காற்று வடக்கிலிருந்து வீசினால் துணி உலர்த்தலாம், தெற்கிலிருந்து வீசினால் உலர்த்தக் கூடாது, ஆலைப் புழுதியில் வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிடும். இது எந்தப் பெயரிலும் மாறவில்லை.

நான் ஆலைப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். முதல் கட்டுமானத் தொழிலாளர்களில் உயிரோடிருந்த பதினேழு பேருக்கு விழாவில் பதக்கம் தருவதாக முடிவாகியிருந்தது. ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைக்கும்போது ஒலிபெருக்கியில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதினேழில் இரண்டு பேர் நான் குடியிருந்த கட்டடத்திலேயே, எனக்கு இரண்டு மாடி மேலே இருந்தார்கள். யெஃபீம் சவேலிச் கான்கிரீட் மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். அவர் ‘கிளாஷா’ என்று கூப்பிடும் மனைவி கிளஃபீரா நிக்கோனொவ்னா உருக்குக் கூடத்தில் முப்பது வருஷம் மேற்கூரைக் கிரேன் ஓட்டியவர். கொதிக்கும் எஃகுக் கொப்பரையைத் தொங்கவிட்டு, கீழே நிற்கும் ஆட்களின் தலைக்கு மேலாக நகர்த்திக்கொண்டு போகிற வேலை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கிளஃபீரா மாவை வட்டமாக வெட்டி, உள்ளே கறி வைத்து மடித்துக்கொண்டிருந்தார். யெஃபீம்தான் பேசினார்.

“எழுதிக்கோம்மா வார்யா. வெளிய நாப்பது டிகிரி குளிரு. நாங்க கூடாரத்துல படுத்திருக்கோம். காலைல எந்திரிச்சா தலைமுடி கட்டிலோட உறைஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும். கோடாலியால வெட்டித்தான் தலையை எடுப்போம்!”

“போன வருஷம் கத்திரிக்கோல்னே” என்றார் கிளஃபீரா, நிமிராமலே.

“உனக்கென்ன தெரியும்? இவ வந்தது முப்பத்திநாலுலம்மா. அப்ப தங்கறதுக்குக் கட்டடமே வந்தாச்சு. இன்னிக்கும் ஜன்னலைத் திறந்தா சால்வை தேடுவா. இந்த ரியாசான்காரங்களுக்கு நம்ம சைபீரியாக் குளிரு ஒத்துக்கறதே இல்ல.”

கிளஃபீரா சிரித்தார். அது அந்த வீட்டின் பழைய கேலி.

“நீங்க சொல்லுங்க, கிளஃபீரா நிக்கோனொவ்னா. எப்படி வந்தீங்க?”

“எல்லாரும் வந்த மாதிரிதான்.”

“ரயில்லயா?”

“ஆத்து வழியா.”

மேற்கே வெகுதூரத்தில் இருக்கும் ரியாசானிலிருந்து எங்கள் ஊருக்கு ஆற்று வழியாக வர முடியாது. நடுவில் ஊரல் மலை இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது, எனக்கும் தெரியும். நான் குறிப்பேட்டில் ‘ரயில்’ என்று எழுதிக்கொண்டேன்.

“மத்ததெல்லாம் உனக்கு எப்படி வசதியோ அப்படி எழுதிக்கோ” என்றார் அவர். அப்படியே எழுதினேன். ரியாசானின் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி, நாடு அழைத்ததும் தோழிகளுடன் பாடிக்கொண்டே ரயிலேறி வந்தாள். முன்பே எழுதிய பத்துப் பதினைந்து குறிப்புகளிலிருந்து வாக்கியங்களை எடுத்துக் கோத்தேன். கடைசியில், ‘அந்த முதல் குளிர்காலங்களில் யாரும் பின்வாங்கவில்லை, யாரையும் நாங்கள் இழக்கவில்லை’ என்றொரு வரியைச் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். வாசிக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

விழா ஜூன் மாதம், கலாச்சார மாளிகையில். எண்ணூறு இருக்கைகளும் நிறைந்திருந்தன. யெஃபீம் ஆறாவதாகப் பதக்கம் வாங்கினார். கிளஃபீரா பதினோராவது. நீல உடுப்பில் மேடை ஏறி, என் குறிப்பை வாசித்து முடிக்கும்வரை கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். பதக்கம் குத்தினார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான் முறை. அவர் ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினார்.

“இதுல எழுதியிருக்கறது சரியில்ல” என்றார். “நான் வரல. கொண்டு வந்தாங்க. முப்பதாம் வருஷம், சரக்குப் படகுல, இதே சைபீரியாவுல இருக்கற அல்தாய்லேருந்து. எங்கப்பாகிட்ட ரெண்டு குதிரை இருந்துச்சு, அதனால பணக்கார விவசாயின்னு முத்திரை குத்திட்டாங்க. இடது கரையில இறக்கிவிட்டாங்க. குழி வெட்டி அதுக்குள்ள இருந்தோம். எங்கம்மா, எங்கப்பா, என் தம்பி சேன்யா, நாலு வயசு, மூணு பேரும் அங்கதான் இருக்காங்க. யாரையும் இழக்கலைன்னு வாசிக்கிறீங்க. ரியாசான்காரி வேற ஒருத்தி. முப்பத்திநாலுல அவ ஓடிப்போயிட்டா. அவ கட்டில் காலியா இருக்குன்னு செங்கல் மேஸ்திரி ஒருத்தர் என்னைப் படுக்கச் சொன்னாரு. அவ பேருக்குப் பதிலா என் பேரை எழுதினாரு, ஊரை மாத்தல. படுத்தேன். அப்புறம் எந்திரிக்க முடியல.”

குரல் உயரவில்லை. கிரேன் அறையிலிருந்து கீழே தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஒலிவாங்கியை அணைக்க வேண்டிய ஆள் விசையில் கை வைத்தபடி அப்படியே நின்றிருந்தான். பிறகு யாரோ சைகை காட்ட, பேண்டு வாத்தியம் முழங்கியது. கிளஃபீரா இறங்கி வந்து கணவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். யெஃபீம் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் கட்சிச் செயலாளர் ரோகோவ் என்னைக் கூப்பிட்டார்.

“அந்த அம்மா பேசுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“நிகழ்ச்சி நிரல்ல இல்ல.”

“அதைத்தான் நானும் கேக்கறேன்!” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அறுபத்துநாலு வயசு. முப்பது வருஷத்துல ஒரு கொப்பரைகூடச் சிந்தினதில்ல. அவங்களை நான் என்ன பண்றது, சொல்லு? வேலையை விட்டுத் தூக்கவா? ஓய்வு வாங்கிட்டாங்க. பதக்கத்தைத் திருப்பிக் கேக்கவா? ஊர் சிரிக்கும். உன்னை வேணா ஏதாவது பண்ணலாம்.”

செய்தார். ஒன்றரை வருஷம் நான் பத்திரிகையின் சதுரங்கப் புதிர்ப் பகுதிக்கு மாற்றப்பட்டேன். கிளஃபீராவின் பேச்சு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. விழாச் செய்தியில் பதினாறு பேர் பதக்கம் பெற்றதாக எழுதியிருந்தது.

யெஃபீம் விழா நடந்த அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு நகருக்கு வெளியே இருந்த தோட்ட வீட்டுக்குப் போய்விட்டார். ஜூலை போயிற்று. அவர் திரும்பவில்லை.

கிளஃபீரா தனியாகக் கடைக்குப் போய் வந்தார். ஒருநாள் ரொட்டி வரிசையில் நானும் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். முன்னால் நின்ற பெண், எங்கள் ஆலை மருத்துவமனையில் துணி துவைப்பவள், திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க எந்தப் படகு?”

“ரெண்டாவது” என்றார் கிளஃபீரா.

“நாங்க நாலாவது. ஆகஸ்ட்ல இறக்கினாங்க.” ரொட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இது தொடர்ந்து நடந்தது. டிராம் ஓட்டுநர் ஒருவர் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, “எங்க அம்மா மூணாவது, அப்பா வந்து சேரல” என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். பல் வைத்தியர், கிளஃபீராவின் வாயில் கருவியை வைத்துக்கொண்டே, தன் தாத்தா குழி எண் முப்பத்தொன்று என்றார். யாரும் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. படகு எண்ணைச் சொன்னார்கள், சில சமயம் குழி எண்ணை, பிறகு தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். கிளஃபீரா சமையலறை நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்துவைக்கத் தொடங்கினார். ஐம்பது வருஷம் ஒரே கூடத்தில், ஒரே டிராமில், ஒரே வரிசையில் இருந்தவர்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் என் கதவைத் தட்டினார். “தோட்டத்துக்குப் போறேன். நீயும் வா. நீ எழுதினதுதானே.”

மின்சார ரயிலில் ஐம்பது நிமிஷம். யெஃபீம் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. எங்களைப் பார்த்தும் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

“நாப்பத்தஞ்சு வருஷம்” என்றார் மண்ணைப் பார்த்து. “ஒரே பானைல சாப்பிட்டிருக்கோம்.”

“சாப்பிட்டோம்.”

“உங்க ஊர்ல ஆப்பிள் தோட்டம் இருந்துச்சுன்னியே. நம்ம பொண்ணுக்குக் கதையா சொல்லித் தூங்கவெச்சியே. அதுவும் பொய்யா?”

“அது அவ சொன்னது, அந்த ஓடிப்போன பொண்ணு. ஒரு வாரம் என்கூட செங்கல் சுமந்தா. வாய் மூடாம பேசுவா. ஆப்பிளு, ஆப்பிளுன்னு.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? என்ன பண்ணியிருப்பேன் நான்? பிடிச்சுக் குடுத்திருப்பேனா?”

கிளஃபீரா நிஜமாகவே யோசித்தார்.

“நாம கட்டிக்கிட்ட முப்பத்தாறுலயா? தெரியல யெஃபீம். நீ நல்லவன்தான். ஆனாலும் தெரியல.”

இதற்கு அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு வரிசை முழுக்கத் தோண்டி முடித்தார். கிளஃபீரா பின்னாலேயே குனிந்து கிழங்குகளைப் பொறுக்கி வாளியில் போட்டார். நான் வேலியோரம் நின்றேன்.

“தம்பியை எங்க வெச்சாங்க?” என்று கேட்டார் யெஃபீம்.

“செங்கல் சூளைக்குப் பின்னாடி. ஜனவரில போனான், தரை பாறையா இருந்துச்சு. வசந்தம் வர்ற வரைக்கும் கொட்டகைல அடுக்கிவெச்சிருந்தாங்க. மண்ணு இளகினதும் எல்லாரையும் ஒண்ணா.”

“சூளைக்குப் பின்னாடி இப்ப டிராம் பணிமனை.”

“ஆமா.”

யெஃபீம் மண்வெட்டியை நட்டு அதன்மேல் சாய்ந்தார். “அதுக்கு அஸ்திவாரம் போட்டது என் குழு. முப்பத்தஞ்சுல.”

“தெரியுமே. பதினோரு மணி நேரத்துல முடிச்சீங்க. சாதனைன்னு பேப்பர்ல வந்துச்சே.”

“ஏன் அவ்ளோ அவசரமா முடிச்சோம்னு வரல. தோண்டறப்ப எலும்பு வந்துச்சு, கிளாஷா. ஒண்ணு ரெண்டு இல்ல. வேலையை நிறுத்திட்டு மேல கேட்டு அனுப்பினோம். பொழுது சாயறதுக்குள்ள மூடுங்கன்னு பதில் வந்துச்சு. மூடினோம். எனக்கு இருபத்திரண்டு வயசு. பரிசா பூட்ஸ் குடுத்தாங்க.”

கிளஃபீரா வாளியைக் கவிழ்த்தார். பொறுக்கிய கிழங்கெல்லாம் சிதறியது. கவிழ்ந்த வாளிமேல் உட்கார்ந்தார்.

“நீ சொன்னதே இல்லையே.”

“யார்கிட்ட சொல்ல? நீ ரியாசான்காரி. உனக்கு இது புரியாதுன்னு நினைச்சேன்.”

கிளஃபீரா சிதறிய கிழங்குகளைப் பார்த்தபடி கேட்டார். “சின்னது இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எவ்ளோ சின்னது?”

யெஃபீம் இரண்டு கைகளையும் தூக்கி அளவு காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது கைகளை இறக்காமல் அப்படியே நின்றிருந்தார். கிளஃபீரா எழுந்து போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு சிதறின கிழங்குகளை மூவருமாகப் பொறுக்கினோம்.

செப்டம்பர் பத்தாம் தேதி யெஃபீம் பதினோரு மூட்டையோடு வீடு திரும்பினார். மின்தூக்கி வழக்கம்போல ஓடவில்லை. படிக்கட்டு வழியே கட்டடமே சேர்ந்து சுமந்தது. அந்த வாரமே, கிழங்கை எங்கே அடுக்குவது என்று அவர்கள் இருவரும் சண்டை போட்டது இரண்டு மாடி கீழே எனக்குக் கேட்டது. இருவரும் மூன்றாம் எண் டிராமில் ஏறுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். அது பணிமனைக்குள் போய்த் திரும்புகிற வண்டி. சந்தைக்கு நடந்தே போய் வந்தார்கள்.

யெஃபீம் 1988இல் இறந்தார். அதற்கு மூன்று வருஷம் கழித்து, எதைப் பற்றியும் பேசலாம் என்று ஆன காலத்தில், பணிமனை வேலியோரம் ஒரு கல் நட நகர மன்றம் ஒத்துக்கொண்டது. அதில் என்ன எழுதுவது என்று நான்கு கூட்டம் நடந்தது. நான்கிலும் கிளஃபீரா இருந்தார். ‘நகரின் முதல் கட்டுநர்களுக்கு’ என்று எழுதலாமென்றார் ஓர் அதிகாரி.

“கட்டினவங்க வேற” என்றார் கிளஃபீரா. “இவங்க அதுக்குள்ளயே செத்துட்டாங்க. செத்தாங்கன்னு எழுதுங்க.”

‘கொண்டுவரப்பட்டு இங்கே இறந்தவர்கள். 1930–33. நான்கு படகுகள்’ என்று எழுதினார்கள். எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியவில்லை.

கல் நட்ட அன்று மழை. முந்நூறு பேர்போல வந்திருந்தார்கள். பலரை எனக்கு ஆலையில் தெரியும், இந்த விஷயத்தில் தெரியாது. யாரோ மிட்டாய் வைத்தார்கள், யாரோ ரொட்டித் துண்டு. கிளஃபீரா எதுவும் கொண்டுவரவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். பழுது பார்க்கிறவர்கள் ஒரு டிராமைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“போலாம் வார்யா” என்றார் கொஞ்ச நேரத்தில். “கால் நனையுது.”